நம் குடலிலிருந்து ஒரு பெயர்

கேம்ப் ரோடு பக்கத்தில் ஒரு லேப்பில் அம்மாவுக்கு மலப் பரிசோதனை செய்தோம். சால்மோனெல்லா இல்லை, ஷிகெல்லா இல்லை, ‘நார்மல் ஃப்ளோரா’ வளர்ந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டருக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. அந்த ‘நார்மல்’ கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களில் ஒருவரையாவது நம் நாட்டு மனிதரின் குடலிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்திருக்கிறார்களா? மாடம்பாக்கத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆய்விதழ்களைத் துழாவ ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டது எல்லோரும் அறிந்த இ.கோலை. 1885-ல் ஜெர்மானிய மருத்துவர் தியோடர் எஷெரிக் குழந்தைகளின் மலத்தில் அதைக் கண்டு விவரித்தார். நமக்குச் சம்பந்தமில்லை என்று தாண்டப் போன நான், ‘எஷெரிக்கியா’ என்று அதன் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர்கள் யார் என்று பார்த்ததும் நின்றுவிட்டேன். அல்டோ காஸ்டெல்லானி, ஆல்பர்ட் சால்மர்ஸ். வெப்பமண்டல மருத்துவம் பற்றிய அவர்களின் கையேட்டின் 1919-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பெயர் வருகிறது. இருவரும் கொழும்பில் பணியாற்றியவர்கள். அம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்த ஷிகெல்லா என்ற பேரினப் பெயரும் அவர்கள் வைத்ததுதான்!

ஆனால் நான் தேடியது புதிய இனம். அது புனேயில் கிடைத்தது. 2014-ல் லாஞ்சேகர், யோகேஷ் ஷௌச்சே, திலீப் ரானடே முதலிய ஆய்வாளர்கள் ‘மெகாஸ்ஃபேரா இண்டிகா’ என்ற இனத்தை அறிவித்தார்கள். நோயில்லாத இருவர் கொடுத்த மலம்தான் மூலம். ஒருவருக்கு வயது 26, இன்னொருவருக்கு 56.

அந்தக் கட்டுரையை நான் நிதானமாகப் படித்தேன். இந்த வகை பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் வளர்ப்பு ஊடகத்தைக் காய்ச்சி, காற்றை விரட்டி, ஆக்சிஜன் கலக்காத வாயுவை நிரப்பி, ரப்பர் மூடி போட்ட குழாய்க்குள் வளர்க்க வேண்டும். வளர்ந்ததும் அடுத்த கேள்வி, இது புதியதுதானா? வழக்கமாக 16எஸ் என்ற மரபணுவை ஒப்பிடுவார்கள். 98.7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் புதிய இனம் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். இங்கே ஒப்புமை 99 சதவீதத்தைத் தாண்டியது. ஒப்பிட்ட உறவுக்காரர் மெகாஸ்ஃபேரா எல்ஸ்டெனி, முதலில் செம்மறியாட்டின் அசையூண் இரைப்பையில் கண்டெடுக்கப்பட்டது. எங்கள் ஊர் தேனுபுரீஸ்வரர் கோயில் பக்கம் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும் மாடுகளின் வயிற்றிலும் அது இருக்கும்.

ஒரு மரபணு தீர்ப்புச் சொல்லாதபோது மொத்த டிஎன்ஏவையும் மோதவிட வேண்டும். இரண்டு பாக்டீரியாக்களின் டிஎன்ஏ இழைகளைப் பிரித்து, கலந்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். 70 சதவீதம் எல்லைக்கோடு. இருவரிடமிருந்தும் பிரித்த பாக்டீரியாக்களில் ஒன்றுக்கு எல்ஸ்டெனியோடு 42, மற்றொன்றுக்கு 53. அந்த இரண்டுக்குள்ளும் 80.9. அதாவது மாட்டு வயிற்றில் இருக்கும் எல்ஸ்டெனி தூரத்து உறவுதான். இருவரின் குடலில் கிடைத்தவையோ ஒரே இனம். இந்த மூன்று எண்களுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பெயர் செல்லுபடியாக இன்னொரு விதி உண்டு. உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். இண்டிகா புனேயிலும் ஜெர்மனியிலும் இருக்கிறது. நம் நாட்டு நுண்ணுயிரிகள் அயலாருக்குப் போவதை 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அதை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் தரமணியில், எங்கள் ஊரிலிருந்து வேளச்சேரி வழியாகப் போகும் தூரத்தில்.

நம் பக்கத்திலும் குடல் பாக்டீரியா ஆய்வு நடந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் 2008-ல் தென்னிந்தியக் கிராமம் ஒன்றில், குழந்தைப் பருவம் முதல் பதின்பருவம் வரை குடல் பாக்டீரியாக்கள் எப்படி மாறுகின்றன என்று டிஎன்ஏ வழியாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். அருமையான வேலை. ஆனாலும் அது ஏற்கெனவே பெயர் பெற்ற கூட்டங்களை அளந்தது. புதியவரை வளர்த்துப் பெயரிடுவது வேறு வேலை. 2012-ல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் மூன்றே மல மாதிரிகளை 212 விதமான சூழல்களில் வளர்த்துப் பார்த்து 340 இனங்களைக் கண்டார்கள், அதில் 31 புதியவை. மூன்றில் இரண்டு மாதிரிகள் செனகல் நாட்டவருடையவை. 2020-ல் வெளியான உலகத் தொகுப்பு ஒன்று மனிதக் குடலில் 4,644 இனங்களைக் கணக்கிட்டது. அதில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றை அதுவரை எந்த ஆய்வகத்திலும் வளர்த்திருக்கவில்லை, டிஎன்ஏ தடயமாக மட்டுமே தெரிந்திருந்தது.

கணினியில் தடயம் காட்டுவது அறிமுகம்தான். குழாய்க்குள் உயிரோடு இருந்தால்தான் அது எதைத் தின்கிறது, எதை உண்டாக்குகிறது, நமக்கு நல்லதா கெட்டதா என்று சோதிக்க முடியும். கூழும் மோரும் இட்லியும் தின்று வளர்ந்த குடல்களில் இருப்பவற்றை இங்கேதான் வளர்க்க வேண்டும். தாம்பரத்தைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆக்சிஜன் புகாத வளர்ப்பு அறை ஒன்றை அமைத்து, இரண்டு மாணவர்களை அதில் உட்காரவையுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நாமும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கு மல மாதிரி வேண்டும் என்று யாராவது முறையான அனுமதியோடு வந்து கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஒப்புதல் படிவத்தைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பிறகு கொடுங்கள்.