இடுப்புக் கயிறு

மதுரைக்குக் கடல் தூரம். தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ பஸ் ஏறினால் மூன்று மணி நேரமாவது ஆகிவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் தோட்டத்துக் கிணறுதான். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி எந்தப் பக்கம் கேட்டாலும் பழகிய விதம் ஒன்றுதான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை. பிற்காலத்தில் அந்த இடத்துக்கு எண்ணெய் கேன் வந்தது. இடுப்பில் ஒரு கயிறு, மறுமுனை தாய்மாமன் கையில். "கால அடிடா, தலையத் தூக்காத" என்று மேலிருந்து அதட்டல் வந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் பழகியதும் குடுக்கையைக் கழற்றிவிடுவார்கள். கயிற்றை அவ்வளவு சீக்கிரம் அவிழ்க்க மாட்டார்கள். மிதக்க வைப்பது குடுக்கையின் வேலை. மிதக்க முடியாமல் போனால் வெளியே கொண்டுவருவது கயிற்றின் வேலை. இந்த வித்தியாசம் அந்தப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதே கிணற்றில் தூர் வார இறங்குகிறவர்களுக்கு மட்டும் ஏனோ அந்தக் கயிறு கிடைப்பதில்லை. நெடுநாள் புழங்காத கிணற்றின் அடியில் கெட்ட காற்று தங்கியிருக்கும். இறங்கியவர் மயங்கிச் சாய்வார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஒரு கிணற்றில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான். விளக்கை இறக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். பிராணவாயு குறைவாக இருந்தால் சுடர் அணைந்துவிடும். ஆனால் கிணற்றுக்குள் டீசல் இன்ஜின் ஓடியிருந்தால் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதை விளக்கு காட்டிக்கொடுக்காது. சுடர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இருந்தால் மேலே நிற்பவர் உள்ளே குதிக்க வேண்டியதில்லை, இழுத்தால் போதும். தீயணைப்புத் துறையினரே மூச்சுக்கருவி மாட்டாமல் அப்படிப்பட்ட கிணற்றில் இறங்குவதில்லை.

புதுச்சேரியில் ஸ்கூபா பழகப் போனபோது என் மனம் அந்தக் கயிற்றைத்தான் தேடியது. அங்கே கயிறு கிடையாது. அதற்கு ஈடாகச் சில சின்னச் சாமான்களை உடம்போடு கொண்டுபோக வேண்டும். சிலிண்டர், ரெகுலேட்டர், மாஸ்க் எல்லாம் முங்குவதற்கான கருவிகள். நான் சொல்வது அவற்றையல்ல. விசில், டார்ச், தூண்டில் நரம்பை அறுக்கும் சிறு கத்தி, 'எஸ்எம்பி' என்று சுருக்கிச் சொல்கிற குழாய் மிதவை. வாடகைக்குத் தரும் சாமான்களோடு இவை எல்லாம் வரும் என்று நம்பியிருக்க முடியாது. சொந்தமாக வைத்திருப்பவர்களிலும் பலர் படகில் பையோடு விட்டுவிட்டு இறங்குவதைப் பார்க்கிறேன். பயிற்சியாளர் கூட வருகிறார், ஆழமும் அதிகமில்லை என்பதுதான் பதில். நீரோட்டத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. மேலே வரும்போது படகு நினைத்த இடத்தில் இருக்காது. அலைக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். கொஞ்ச தூரம் தள்ளிப் போனாலே படகிலிருப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மிதவையைச் சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். பிரித்தால் ஆள் உயரம், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். பத்து மீட்டர் ஆழத்தில் அதற்குள் பாதி காற்று விட்டால் போதும். மேலே போகப் போக அழுத்தம் குறைந்து, நீர்மட்டத்தில் முழுதாகப் புடைத்து நிமிர்ந்துவிடும். அதன் நூல் சுற்றிய உருளையைக் கையில்தான் பிடிக்க வேண்டும், ஜாக்கெட்டில் கொக்கி போட்டு மாட்டக் கூடாது. நூல் சிக்கிக்கொண்டால் மிதவை ஆளையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போகும். கத்தியைக் கெண்டைக்காலில் கட்டுவது சினிமாவுக்கு நன்றாக இருக்கும். தங்கூசி வலை முதுகுச் சிலிண்டரில் மாட்டிக்கொண்டால் கால் வரை குனிய முடியாது. இரண்டு கைக்கும் எட்டுகிற மாதிரி நெஞ்சுப் பக்கம் இருப்பதே சரி.

1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பிவிட்டது. ஆள் கணக்கு தப்பிப்போனது. அவர்களுடைய பை படகிலேயே கிடப்பது இரண்டு நாள் கழித்துத்தான் கவனத்துக்கு வந்தது. பிறகு எவ்வளவோ தேடியும் இருவரும் கிடைக்கவில்லை. மேலே இருப்பவர் எண்ணுவார் என்ற நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்குக் கயிறு இருந்தது. கல்லின் பாரத்தில் சரசரவென்று இறங்குவார்கள். கயிற்றைப் பிடித்தபடி படகில் ஒருவர் காத்திருப்பார். கீழிருந்து ஓர் இழுப்பு வந்ததும் தூக்கிவிடுவார். இவர்களுக்கும் மேலே கடல்கட்டி இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் என்று நம்பிக்கை. அவர் இல்லாமல் குளிக்க ஆள் வராது என்பதால் வெள்ளைக்கார அரசும் அவருக்குக் கூலி கொடுத்து வைத்துக்கொண்டது. சுறாவுக்கு மந்திரம் கேட்டதா என்பதை விடுங்கள். ஆபத்தைப் பற்றி நினைப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் அங்கே இருந்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முங்கிப் பிழைப்பது நிற்கவில்லை. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகத் துணி சுற்றி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, காலில் தாங்களே செய்த தகட்டுத் துடுப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது. கைக்கும் காலுக்கும் வேண்டியதை அவர்களே செய்துகொண்டார்கள். தத்தளிக்கும்போது கூப்பிட ஒரு விசில் அவர்கள் கழுத்தில் ஏன் இருக்கக் கூடாது?

தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்கள் நிலை இதைவிடக் கவலைக்குரியது. படகில் கம்ப்ரசரை ஓட்டிவிட்டு, ஹோஸின் நுனியைப் பல்லில் கடித்தபடி இறங்குவார்கள். கம்ப்ரசர் நின்றாலோ ஹோஸ் மடங்கினாலோ அடுத்த மூச்சுக்கு வழியில்லை. இன்ஜின் புகைக்குப் பக்கத்திலேயே கம்ப்ரசர் காற்றை இழுத்தால், கிணற்றில் கொல்கிற அதே வாயு ஹோஸ் வழியாக நெஞ்சுக்குள் இறங்கும். ஆழத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு விறுவிறுவென்று ஏறினால், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டைத் தாக்கும், தண்டுவடத்தைத் தாக்கும், ஆளை முடக்கியும் போடும். ஹோஸ் அறுந்தால் காற்று பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் ஒரு வால்வு, இடுப்பில் மாட்ட ஒரு சின்ன மாற்று சிலிண்டர், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் ஒரு கருவி, ஒரு கயிறு. படகு இன்ஜினுக்கு மானியம் தருகிற மீன்வளத்துறை இந்த நாலையும் மானியத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கம்ப்ரசர் படகிலும் கயிற்றைப் பிடிக்கவென்றே ஓர் ஆள் வேண்டும்; எடுத்த சங்கில் அவருக்கும் முழுப் பங்கு கொடுக்க வேண்டும்.