ஏழாயிரம் லிட்டரும் ஒரு சாவியும்

கோயமுத்தூர்க்காரனிடம் இரண்டு விஷயங்களைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒன்று, சிறுவாணித் தண்ணீர். இன்னொன்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. "எங்கூர்க் காத்து மாதிரி வருமுங்களா?" என்று ஆரம்பித்தால் நீங்கள் பஸ்ஸைத் தவற விடுவது நிச்சயம். நானும் அப்படிப் பேசித் திரிந்த ஆசாமிதான், 2021 மே மாதம் வரைக்கும்!

குறிச்சி சிட்கோவில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் எனக்குப் பர்ச்சேஸ் உத்தியோகம். (விசிட்டிங் கார்டில் 'எக்ஸிக்யூட்டிவ்' என்று போட்டிருப்பார்கள். சம்பளத்தில் போட மாட்டார்கள்.) போல்ட், நட்டு, வெல்டிங் ராடு, வாரத்துக்கு ஏழெட்டு ஆக்சிஜன் சிலிண்டர்... எல்லாம் என் கையெழுத்தில்தான் உள்ளே வரும். தகடு வெட்டுகிற கேஸ் கட்டிங்குக்கு ஆக்சிஜன் இல்லாமல் ஆகாது. பில்லில் '7 கன மீட்டர்' என்று இருக்கும். பத்து வருஷமாகக் கையெழுத்துப் போட்டேனே தவிர, அது எவ்வளவு காற்று என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. காலி சிலிண்டரைத் திருப்பி அனுப்ப லேட்டானால் வாடகை ஏறும். என் கவலை அது ஒன்றுதான்.

எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஆக்சிஜன் விஷயத்தில் மட்டும் மடிசஞ்சி. "ஏனுங் தம்பி, எண்ணெய்க் கையோட வால்வைத் தொட்டுராதீங். பக்குனு பத்திக்கும்" என்பார். சிலிண்டர் திறக்கிற சாவி, பிள்ளையார் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். "என்ற வண்டியைக் கேளுங், குடுத்தர்றேன். சாவியைக் கேக்காதீங்."

இரண்டாவது அலை வந்தது. ஏப்ரல் 22-ல் இருந்து, சில தொழில்களைத் தவிர மற்ற ஆலைகளுக்கு ஆக்சிஜன் கிடையாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. எங்கள் கட்டிங் டார்ச் படுத்துக்கொண்டது. மே கடைசி வாரத்தில் ஒரு நாள் கணக்கில் கோவை, சென்னையையே தாண்டியது. எதில் தாண்டுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா ஸார்? மே 30-ம் தேதி, அன்றைக்கு முதலமைச்சராக இருந்த ஸ்டாலின், பாதுகாப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளேயே போய்ப் பார்த்தார். நிலைமை அப்படி.

அந்த வாரம்தான் என் தாய்மாமனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மனுஷர் சீக்கென்று படுத்ததே கிடையாது. விரல் நுனியில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 86 காட்டியது. "மிஷின் பொய் சொல்லுது மாப்ளே" என்றார். அதைச் சொல்லி முடிக்க நடுவில் மூன்று தடவை மூச்சு விட வேண்டியிருந்தது.

எங்கெங்கோ அலைந்து, பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் கிடைத்தது. (பெயர் வேண்டாம். அன்றைக்கு அவர்களாவது கதவைத் திறந்தார்கள்.) கட்டிலுக்குப் பக்கத்தில் கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமாக நம் பழைய சிநேகிதர் நின்றிருந்தார். அதே ஏழு கன மீட்டர்!

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். ஏழு கன மீட்டர் என்றால் ஏழாயிரம் லிட்டர். மாமாவுக்கு நிமிஷத்துக்குப் பத்து லிட்டர். ஆக, ஒரு சிலிண்டர் பதினொன்றரை மணி நேரம். மூக்கில் வேகமாகச் செலுத்துகிற மிஷின் வைத்தால் நிமிஷத்துக்கு அறுபது லிட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் சிலிண்டர் காலி. எங்கள் ஆபீஸில் ஒரு மத்தியானம் தகடு வெட்டித் தீர்க்கிற சிலிண்டரில் ஒரு மனுஷனின் ராத்திரி முழுசாக அடங்கியிருக்கிறது என்பது எனக்கு என்னவோ செய்தது.

ராத்திரி ஒரு மணி. மீட்டர் முள் 40-ல். நிரம்பின சிலிண்டர் 150 காட்டும். பத்து வருஷப் பர்ச்சேஸ் புத்தி கடகடவென்று கழித்தது: மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நாலு மணி வரை தாங்கும். சிஸ்டரிடம் சொன்னேன். "மூணு மணிக்கு லாரி வந்துருமுங் அண்ணா" என்றார், பாவம், நாற்பது பேருக்கு அவர் ஒருத்தர்தான்.

லாரி மூன்றரைக்கு வந்தது. நானும் இன்னும் இரண்டு நோயாளிகளின் பிள்ளைகளும் சேர்ந்து சிலிண்டரைச் சாய்த்து உருட்டி உள்ளே கொண்டுவந்தோம். போட்டிருந்த மாஸ்க்குக்குள் வேர்வை. அப்பாடா என்று நிமிர்ந்தால், திறக்கச் சாவி இல்லை!

பத்து மணிக்கு டியூட்டி முடிந்த வார்டு பாய் பேன்ட் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார். ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். ஆபரேஷன் தியேட்டர் அலமாரியில் தேடினோம், மேட்ரன் மேஜையில் தேடினோம். கட்டிங் பிளேயரால் திருகிப் பார்த்தோம், வழுக்கிற்று. ஏழாயிரம் லிட்டர் ஆக்சிஜன் கண்ணெதிரே நிற்கிறது. மாமா பக்கத்தில் மூச்சுக்குத் தவிக்கிறார். நடுவில் ஒரு சாண் இரும்பு.

பிள்ளையார் படம் ஞாபகம் வந்தது.

பைக்கை உதைத்தேன். முழு ஊரடங்கு. சிட்கோவுக்கு முன்னால் போலீஸ்காரர் லத்தியை நீட்டினார்.

"எங்கப்பா போறே?"

"சாவி எடுக்கப் போறேனுங்."

"எந்த வீட்டுச் சாவி?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஆக்சிஜன் சாவிங்!" என்று கத்தியதும் லத்தி தானாக இறங்கியது. வாட்ச்மேனை எழுப்பி, ஆணியிலிருந்து சாவியைப் பிடுங்கி, திரும்பி வந்து சேர்ந்தபோது மணி நாலு அஞ்சு. முள் சிவப்பில் கிடந்தது. மாமாவின் விரலில் 79. வால்வில் கை வைக்கப் போனவன் சட்டென்று நிறுத்தினேன். கையெல்லாம் சானிடைஸர்! சட்டையில் அழுந்தத் துடைத்து உலர வைத்துவிட்டுத் திருப்பினேன். புஸ்ஸ்... அந்தச் சத்தம் இன்னும் சில ராத்திரிகளில் கேட்கிறது. அடுத்த கட்டில் பெரியம்மாவுக்கும் அதே சாவியால்தான் திறந்தோம்.

மாமா பிழைத்துக்கொண்டார். பதினாறு நாள்.

'நாட்டில் ஆக்சிஜன் இல்லை' என்று அப்போது ஒரே பேச்சு. ஒரு வகையில் நிஜம்தான். ஆனால் என்னுடைய கணக்கு வேறு. வாளையாரைத் தாண்டினால் கஞ்சிக்கோட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரிக்குக் குளிர வைத்துத் திரவமாக்குகிற ஆலையே இருக்கிறது. காற்றிலிருந்து நைட்ரஜனை ஜியோலைட் என்ற மணல் மாதிரிப் பொருளில் சிக்க வைத்து, ஆக்சிஜனை மட்டும் அனுப்புகிற மிஷின்களுக்கு இருதயமே கம்ப்ரஸர்தான். கம்ப்ரஸர் செய்து உலகத்துக்கு விற்கிற ஊர் நம்முடையது. ஆனால் அந்த மிஷினுக்குக் கரண்ட் வேண்டும், ஃபில்டரைத் தட்ட ஓர் ஆள் வேண்டும், ஈரம் ஏறினால் ஜியோலைட் கெட்டுவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 21-ம் தேதி நாசிக்கில் டேங்க் வாசலுக்கே லாரி வந்து நின்றது. ஏற்றும்போது கசிந்து, குழாயில் அழுத்தம் விழுந்து, 20 பேருக்கும் மேல் போய்விட்டார்கள். 2025-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு ஒரு கணக்குச் சொன்னது: உலகத்தில் 500 கோடிப் பேருக்கு நம்பகமான மருத்துவ ஆக்சிஜன் எட்டாத தூரத்தில் இருக்கிறதாம். அதில் எத்தனை பேருக்கு மிஷின் இல்லை, எத்தனை பேருக்குச் சாவி இல்லை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூன் மாதமே லேத் பட்டறையில் சொல்லி மூன்று சாவி அடித்து, கெட்டியான சங்கிலி போட்டு, அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் நானே ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தேன். என் சொந்தக் காசு. வீட்டில் சொல்லவில்லை.

போன வருஷம் மாமாவின் பிரஷர் செக்கப்புக்காக அங்கே போனோம். புது பெயின்ட், புது நாற்காலி, டி.வி. எல்லாம் வந்திருந்தது. மூலையில் ஆக்சிஜன் கான்ஸன்ட்ரேட்டர் ஒன்று உறை மாட்டி நின்றது. அதன் தலைமேல் பழைய ரிஜிஸ்டர்கள். சுவரைப் பார்த்தேன். சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னத்த மாப்ளே அப்பிடிப் பாக்கறே?" என்றார் மாமா. சாவிக் கதையை இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

"ஒண்ணுமில்லீங் மாமா."

சாயங்காலம் லேத் பட்டறைக்குப் போய் இன்னும் மூன்று சாவிக்குச் சொன்னேன். இந்தத் தடவை கம்பெனி பெயரில் பில் போட்டுவிட்டேன்.