கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரு?

பந்தயத்தில் கடைசியா வர்றவனுக்காக எப்பவாவது தொண்டை கிழியக் கத்தியிருக்கீங்களா? யோசிச்சு வைங்க. நான் அப்புறமா வந்து கேட்கிறேன்.

ஸ்டடி லீவ். எம்-3 புத்தகத்தைத் தவிர உலகத்தில் இருக்கும் எல்லாமே சுவாரஸ்யமாகத் தெரியும் பொற்காலம்! அப்படித்தான் ஹாஸ்டல் ரூமில் லேப்டாப்பைத் திறந்து அந்தத் தொடரில் விழுந்தேன். ‘டூர் டி பிரான்ஸ்: அன்செய்ன்ட்.’ நெட்ஃப்ளிக்ஸில் 2023 முதல் 2025 வரை மூன்று சீஸன் வந்தது. முதல் சீஸன் முழுக்க 2022-ல் நடந்த பந்தயம்.

‘சைக்கிள் ரேஸ்ல என்னடா இருக்கு? மிதிக்கணும், அவ்ளோதானே?’ என்று நினைத்த ஆசாமி நான். 21 கட்டங்கள், 3,300 கிலோமீட்டருக்கு மேல், 22 டீம், டீமுக்கு எட்டுப் பேர் என்று தெரிந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கேமரா டீம் பஸ்ஸுக்குள் போகிறது. மேனேஜர் காரில் உட்கார்ந்து ரேடியோவில் கத்துவதைக் காட்டுகிறது. ராத்திரி மசாஜ் டேபிளில் பேச்சே வராமல் கிடப்பவனையும் விடுவதில்லை. எட்டுப் பேரில் ஜெயிக்கப் போவது பெரும்பாலும் ஒரே ஒருத்தர்தான். மற்றவர்கள்? காரில் இருந்து தண்ணி பாட்டில் வாங்கி வந்து கொடுக்கணும், முன்னால் போய்க் காற்றை மறைக்கணும். அவர்களுக்கு ‘டொமெஸ்டிக்’ என்று பெயர். பிரெஞ்சில் வேலைக்காரர் என்று அர்த்தமாம். ப்ச்!

காற்றை மறைக்கிறது பெரிய விஷயமா பாஸ்? பெரிய விஷயம்தான். சமதளத்தில் வேகமாகப் போகும்போது எதிரியே காற்றுதான். வேகம் ரெண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான பவர் எட்டு மடங்காகும். (எப்படியோ, இன்ஜினீயரிங் ஒரு இடத்தில் உதவிடுச்சு!) முன்னால் போறவன் அந்த வேலையைச் செய்தால், பின்னால் வர்றவனுக்குக் கால் மிச்சம்.

அந்த வருஷம் ஐந்தாம் நாள், கருங்கல் பாவிய பாதையில் ஒரு கூத்து. ஜோனாஸ் விங்கெகாவின் சைக்கிள் மக்கர் பண்ண, டீம்மேட்டின் சைக்கிளை வாங்கி ஏறினார். அது அவர் உயரத்துக்கு ரொம்பப் பெரிசு! அவருக்காகப் பின்னால் வந்து இழுத்துக்கொண்டு போனது யார் தெரியுமா? அன்றைக்கு முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையைப் போட்டிருந்த வௌட் வான் ஆர்ட். கடைசியில் அந்தப் பந்தயத்தை ஜெயித்தது விங்கெகாதான். டீமுக்குள் சண்டை இருந்தது போல தொடர் காட்டியது மிகை என்று வான் ஆர்ட்டே பிறகு வருத்தப்பட்டார். டி.வி.க்காரர்களுக்கு மசாலா வேணும் இல்லையா!

ஆனால், என் மனசில் ஆணி அடித்தவர் வேற ஒருத்தர். ஃபேபியோ யாகோப்சன். நெதர்லாந்துக்காரர். 2020 ஆகஸ்ட்டில் போலந்துப் பந்தயத்தில், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் முழு வேகத்தில் தடுப்பில் மோதினார். முகம் சிதைந்தது, பற்கள் போயின. கோமாவில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். அதே மனுஷன் 2022 ஜூலையில், டென்மார்க்கில் நடந்த இரண்டாம் நாள் ஓட்டத்தில் முதலில் வந்தார்! எழுந்து நின்று விசில் அடித்தேன். பக்கத்து ரூமில் இருந்து திட்டு வந்தது. ஹி... ஹி...

அதுக்கப்புறம் நடந்ததை நான் தேடிப்பிடித்துப் படித்தேன். யாகோப்சன் ஸ்பிரின்ட் வீரர். கனமான தசை. சமதளத்தில் புலி, மலையில் பாவம். மலையில் வேகம் குறைவு. காற்றைவிடப் புவியீர்ப்புதான் வில்லன். உடம்பு எடை ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அங்கே யாரும் முன்னால் போய் மறைத்துப் பெரிசாக உதவிவிட முடியாது. இதில் இன்னொரு ஆப்பு... ஒவ்வொரு நாளும் ஜெயித்தவரின் நேரத்தை வைத்து ஒரு கெடு போடுவார்கள். அதைத் தாண்டி வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பதினேழாம் நாள், பிரனீஸ் மலையில் பெரகூட். முடிவு இடம் ஒரு குட்டி விமான ஓடுதளம், செங்குத்தான ஏற்றம். ஜேம்ஸ் பாண்ட் படத்தில்கூட வந்த இடம். ஜெயித்தவர் போய் ரொம்ப நேரம் ஆச்சு. கெடு கரைந்துகொண்டே இருக்கிறது. யாகோப்சன் தள்ளாடித் தள்ளாடி ஏறி வருகிறார். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய டீம் ஆட்கள் நின்று, ‘வா வா’ என்று கத்துகிறார்கள். அவர்கள் வேலை முடிந்துவிட்டது. பஸ்ஸில் போய்ப் படுத்திருக்கலாம். படுக்கவில்லை. சில விநாடிகள் மிச்சமிருக்கும்போது கோட்டைத் தொட்டு, அப்படியே சரிந்தார்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

என் ரூம்மேட்டுக்கு எம்-3 அரியர். போன செமஸ்டரில் எங்களுக்கெல்லாம் பரீட்சை முடிந்த மறுநாள் அவனுக்கு அந்த பேப்பர். ‘ஆல் த பெஸ்ட் மச்சி’ என்று தோளைத் தட்டிவிட்டு, அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டோம், மொத்த கேங்கும். மறுநாள் மத்தியானம் அவனிடமிருந்து ஒரு மிஸ்டு கால். நான் வீட்டில் அம்மா சமைத்த மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கூப்பிட்டபோது, ‘ஒண்ணுமில்லடா, சும்மாதான்’ என்றான். நாலு மார்க்கில் போச்சு.

நான் ஹால் வாசலில் நின்றிருந்தால் அவன் மண்டையில் ஃபூரியர் சீரிஸ் தானாக ஏறியிருக்குமா? ஏறாது. அந்த மலையிலும் கத்தியவர்கள் யாரும் பெடலை மிதித்துக் கொடுக்கவில்லை. மிதித்தது அவர் கால்தான். ஆனால், வெளியே வந்தவன் தேடிப் பார்த்தபோது ஒரு முகம்கூட இல்லை. அது மார்க் ஷீட்டில் வராது.

இந்த செமஸ்டரும் அவனுக்குக் கடைசி நாள்தான் அந்த பேப்பர். ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவன் பரீட்சைக்கு மறுநாள் தேதியில், ரெண்டு டிக்கெட். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

சரி, உங்க கேள்விக்கு வருவோம். உங்க கேங்கில் இன்னும் மலை ஏறிக்கிட்டு இருக்கிறது யாரு? நீங்க எங்க நிக்கிறீங்க?