திருத்தணி மாமாவும் எழும்பூர் டிக்கெட்டும்

மொத்தம் 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. (லீப் வருஷத்தில் வருகிற அந்த ஒரு நாளுக்கு முருகன் லீவு கொடுத்துவிட்டார் போலிருக்கிறது!) 2025 டிசம்பர் 31 ராத்திரி, மூச்சு வாங்க வாங்க, நானும் மாமாவும் திருத்தணி மலை ஏறிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குப் படித் திருவிழா. படிக்குப் படி மஞ்சள், குங்குமம், கற்பூரம். திருப்புகழ் பாடியபடி ஏறுகிற கூட்டம். ஒரு காதில் தமிழில் அரோகரா, இன்னொரு காதில் தெலுங்கில் பேரம். 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் இந்த ஊர் ஆந்திராவிலிருந்து நம்ம பக்கம் வந்தது. மாமா இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. என்னைக் கூப்பிடுவதே "ஏரா அல்லுடு" என்றுதான்.

மேலே போனால் இரண்டு க்யூ. ஒன்று பொது தரிசனம், இன்னொன்று காசு கொடுத்துப் போகிற சிறப்பு தரிசனம். இரண்டிலும் நெரிசல். மாமா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"சும்மா விட்டாலும் கூட்டம், காசு வாங்கினாலும் கூட்டம். நம்ம ஹாக்கிக்கு மட்டும் ஏன்டா இந்த பாக்கியம் இல்லே?"

சாமி கும்பிட வந்த இடத்தில் ஹாக்கியா என்று கேட்காதீர்கள். மாமா அரக்கோணம் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஒரு காலத்தில் ரைட்-அவுட். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் எங்கள் ஊர்க்காரர் பெயரில்தான் இருக்கிறது என்று பல வருஷம் சாதித்தவர். "மாமா, அவர் மெட்ராஸ் மேயர். நம்ம ஊர் ராதாகிருஷ்ணன் ஜனாதிபதி" என்று ஒரு நாள் நான் உடைத்துச் சொன்னதில், இரண்டு நாள் பேசவில்லை.

2007 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. திருத்தணி லோக்கலில் என்னை சென்ட்ரலுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து எழும்பூருக்கு நடத்தியே அழைத்துப்போனார். ஆசியக் கோப்பை ஃபைனல். கொரியாவை 7–2 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். அன்றைக்குக் கவுண்ட்டரில் வாங்கிய டிக்கெட்டின் மிச்சம் இன்னமும் மாமாவின் ரேஷன் கார்டு கவருக்குள் இருக்கிறது. தெரிந்தவர் பாஸ் தருகிறேன் என்றாராம். வேண்டாம் என்று விட்டார்.

"காசு கொடுத்தவன்தான்டா திட்டுவான். திட்டுறவன்தான் அடுத்த ஆட்டத்துக்கும் வருவான்."

நான் பி.காம். மூன்று வருஷம் படித்தும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை சார்.

ஆனால் சென்னையில் மாமா வருஷா வருஷம் திட்டுவதற்கு ஒரு டீம் நிலைத்தால்தானே? 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. சென்னை வீரன்ஸ் என்று டீம். 2008-ஓடு லீக்குக்கு மங்களம். 2012-ல் வேர்ல்ட் சீரீஸ் ஹாக்கி, சென்னை சீட்டாஸ். தன்ராஜ் பிள்ளை 43 வயதில் கர்நாடகா லயன்ஸுக்கு மட்டை பிடித்தார். ஹாக்கி இந்தியா அங்கீகாரம் தராத போட்டி. ஒரே சீசனோடு சரி. 2013-ல் ஆரம்பித்த ஹாக்கி இந்தியா லீக்கில் சென்னைக்கு டீமே கிடையாது. 2017-க்குப் பிறகு அதுவும் தூங்கி, 2024 டிசம்பரில்தான் கண் விழித்தது. இந்த முறை தமிழ்நாடு டிராகன்ஸ் உண்டு. ஆனால் அந்த சீசன் ஆட்டமெல்லாம் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும்! மாமா திட்டுவதானால் ரயில் டிக்கெட்டும் சேர்த்து எடுக்கணும்.

2025 நவம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. அனுமதி இலவசம் என்று அறிவித்தார்கள். காலரி நிறையணும், டி.வி.யில் காலி நாற்காலி தெரியக் கூடாது, நியாயம்தான். ஆனால் ஓசி பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, லேசாகத் தூறல் போட்டால் வீட்டிலேயே பஜ்ஜி சாப்பிடுகிற ஆசாமிதானே நீங்களும்? நானும்தான்.

டிசம்பர் 10, புதன்கிழமை. ஆபீசில் பல்வலி என்று சொல்லிவிட்டு (மேனேஜர் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை) மாமாவை எழும்பூருக்குக் கூட்டிப்போனேன். வெண்கலப் பதக்க ஆட்டம், எதிரே அர்ஜென்டினா. கேட்டில் "டிக்கெட் எங்கேடா?" என்றார். செல்போனைக் காட்டினேன். முகம் சுண்டிப்போனது.

மூன்றாவது குவார்ட்டர் முடிகிறபோது 2–0. நாம்தான் பூஜ்யம். சுற்றிலும் பசங்கள் தலையில் கை வைத்துவிட்டார்கள். மாமாவிடமிருந்து சத்தமே இல்லை. பயந்து போனேன்.

"என்ன மாமா, திட்டலையா?"

"எந்த உரிமையிலடா? ஓசியில வந்திருக்கோம்."

கடைசி குவார்ட்டரில் நடந்ததுதான் கூத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! பத்து நிமிஷத்துக்குள் நாலு கோல். 4–2. மாமா நாற்காலி மேல் ஏறி நின்று போட்ட சத்தத்தில் முன் வரிசைப் பையன் பாப்கார்னைக் கொட்டிவிட்டான். மூன்று வாரத்துக்கு அப்புறமும் தொண்டை சரியாகவில்லை; அரோகராவே கரகரப்பாகத்தான் வந்தது.

தரிசனம் முடிந்து உண்டியல் பக்கம் வந்ததும், வேட்டி மடிப்பிலிருந்து நோட்டுகளை எடுத்துப் போட்டார். எண்ணி எண்ணிப் போட்டதைப் பார்த்து, "வேண்டுதலா மாமா?" என்றேன்.

"ரெண்டு டிக்கெட் காசு. 2007 ரேட்டு. அவங்க வாங்கலைன்னா நான் யார்கிட்டயாவது கட்டணுமில்லே?"

"ரெண்டா? ஓ... உங்களுக்கும் எனக்குமா?"

"உன்னுது நீ போடு. ஒண்ணு அன்னிக்குப் பார்த்ததுக்கு. இன்னொண்ணு அட்வான்ஸு. ஜனவரியில லீக்கு மெட்ராசுக்கே வருதாமே, நம்ம டிராகன்ஸு?" செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "இந்த வாட்டியாவது டிக்கெட்டுக்குக் காசு வாங்குவாங்களான்னு உன் போன்ல பாருடா."