சத்தமில்லாமல் முடித்த கல்யாணம்



நம் பக்கத்தில் மறுமணத்துக்குப் பந்தல் போடுவதில்லை. கோயிலில் வைத்து, இரு வீட்டுக்கும் சேர்த்துப் பத்துப் பேர், தாலி ஏறியதும் பக்கத்து ஓட்டலில் இலைச் சாப்பாடு. "சத்தமில்லாமல் முடிச்சிட்டோம்" என்று பிறகு போனில் சொல்வார்கள். பெண்ணுக்கு இரண்டாவது என்றால் போட்டோகிராபரைக்கூடக் கூப்பிட மாட்டார்கள். அப்படி முடித்த ஒரு கல்யாணத்தை, பிரிட்டனின் ஷெஃபீல்டில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு விசா அதிகாரியிடம் நிரூபிப்பது என்ன பாடு என்பதைச் சில மாதங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

என் தோழி கிழக்கு லண்டனில் நர்ஸ். முதல் கல்யாணம் மாயவரத்தில். கணவரின் விசாவில்தான் இங்கே வந்தாள். பிரிவும் விவாகரத்தும் இங்கே. தீர்ப்பு கைக்கு வந்த அதே வருஷம் திருவிடைமருதூரில் மறுமணம். மாப்பிள்ளை திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஃபோர்மேன்.

"டைவர்ஸ் ஆன கையோடா?" என்று முதலில் கேட்டது அவளுடைய பெரியம்மா. அடுத்துக் கேட்டது, மாப்பிள்ளையை இங்கே அழைத்துவர விசா வேலை பார்த்த சொலிசிட்டர். பெரியம்மாவுக்கு ஊர் வாய் கவலை. சொலிசிட்டருக்குத் தேதி கவலை. இத்தனைக்கும் விவாகரத்துக்கும் மறுமணத்துக்கும் நடுவே இத்தனை மாதம் ஆக வேண்டும் என்று பிரிட்டனின் விசா விதியில் எங்கும் இல்லை. முந்தைய உறவு நிரந்தரமாக முறிந்திருக்க வேண்டும், புதிய கல்யாணம் சட்டப்படி செல்ல வேண்டும், இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், உறவு உண்மையானதாக இருக்க வேண்டும். ஆனால் கணவர் மூலம் வந்து, நிரந்தர வசிப்புரிமை வாங்கி, பிரிந்து, உடனே இன்னொருவரை ஸ்பான்சர் செய்யும் பெண் காகிதத்தில் எப்படித் தெரிவாள் என்று யோசித்துப் பாருங்கள். கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு அவள் அழுத இரவுகள் தெரியாது. மூன்று தேதிகள் தெரியும்.

அந்தத் தேதிகளே ஏமாற்றுகிறவை. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 வரை, யார் மீதும் பழி போடாமல் பிரிய வேண்டுமென்றால் இருவரும் சம்மதித்தால் இரண்டு வருஷம், ஒருவர் மறுத்தால் ஐந்து வருஷம் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். இப்போது பழியே வேண்டாம். மனுப் போட்டு 20 வாரம் கழித்து நிபந்தனை ஆணை கேட்கலாம். அது கிடைத்து ஆறு வாரமும் ஒரு நாளும் போனால் இறுதி ஆணை. ஆனால் எவ்வளவு சீக்கிரமாக மனுப் போடுகிறோம் என்பது சட்டத்தின் கையில் இல்லை. என் தோழியின் கணவர் வீட்டை விட்டுப் போய் வெகுநாள் ஆகியும் அவள் மனுப் போடவில்லை. "கொஞ்சம் பொறுடி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்போதோ செத்தவருக்குப் போன மாதம் வாங்கிய இறப்புச் சான்றிதழ் போன்றதுதான் அந்தத் தீர்ப்பு. ஆகவே சொலிசிட்டர் முதலில் கேட்டது கல்யாணப் பத்திரிகையை அல்ல. அவள் தனியாக எடுத்த அறையின் வாடகை ஒப்பந்தம், ஒற்றை ஆள் என்று கவுன்சில் டாக்ஸில் கிடைத்த கழிவு, முகவரி மாறிய வங்கிக் கடிதம். முதல் வாழ்க்கை எப்போது முடிந்தது என்பதற்குச் சாட்சி கிடைத்தால், இரண்டாவது தொடங்கிய வேகம் தானாகக் குறைந்து தெரியும்.

நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிபந்தனை ஆணை வந்ததுமே "டைவர்ஸ் ஆயிடுச்சு" என்று வீட்டுக்குச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டிலும் நாள் பார்த்துவிடுகிறார்கள். இறுதி ஆணை வரும்வரை பழைய கல்யாணம் உயிரோடுதான் இருக்கிறது. இடையில் கட்டிய தாலிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. விசா போவது கிடக்கட்டும், இருதாரக் குற்றம் வேறு. விவாகரத்து நம் ஊர்க் கோர்ட்டில் நடந்திருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக் காலம் கழிய வேண்டும் என்கிறது. அச்சட்டத்தில் இருந்த 30 நாளை 2003-இல் 90 ஆக்கினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லண்டன் கோர்ட்டு கொடுத்த விவாகரத்து நம் ஊரில் செல்லுமா? திருப்பதியில் 1975-இல் கல்யாணம் செய்துகொண்ட ஒருவர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு, யாதகிரிகுட்டாவில் மறுமணம் செய்தார். முதல் மனைவி இருதாரப் புகார் கொடுத்தார். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த அமெரிக்கத் தீர்ப்பை ஏற்கவில்லை. நரசிம்மராவ் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான் (அதே வருஷம் பிரதமரானவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). எந்தச் சட்டப்படி மணந்தார்களோ அந்தச் சட்டம் ஒப்பும் காரணம் வேண்டும். அல்லது மற்றவரும் அந்த விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். 2022-க்குப் பிறகு இங்கே இருவரும் சேர்ந்தே மனுப் போடலாம். என்னைக் கேட்டால், மனஸ்தாபத்தை ஒரு மணி நேரம் ஒதுக்கிவைத்துச் சேர்ந்தே கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. என் தோழியும் முதல் கணவரும் அப்படித்தான் செய்தார்கள். அவர்கள் குடித்தனத்தில் ஒற்றுமையாக நடந்த காரியம் அது ஒன்றுதான் என்பாள்.

சந்தேகத்துக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1979 ஜனவரியில், இங்கே இருந்தவரை மணக்க வந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை ஹீத்ரூ விமான நிலையத்தில் கன்னிப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். கல்யாணமாகாத இந்தியப் பெண் இப்படித்தான் இருப்பாள் என்று ஒரு படம் அவர்கள் மனதில் இருந்தது. செய்தி வெளிவந்து நாறிய பிறகே நிறுத்தினார்கள். 1997 ஜூன் வரை வேறொரு விதி: இந்தக் கல்யாணத்தின் முதல் நோக்கம் பிரிட்டனுக்குள் வருவது அல்ல என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும். ஒருவர் தன் மனதில் இல்லாததை எந்தக் காகிதத்தில் காட்டுவார்? இந்தியத் துணைக்கண்டத்து மாப்பிள்ளைகள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள். விதி போய்விட்டது. படம் முழுக்கப் போகவில்லை. நாதஸ்வரம், ஐந்நூறு பேர், அழும் மாமியார் என்று நிறைந்திருந்தால் அது இந்தியக் கல்யாணம். பத்துப் பேர் நிற்கும் கோயில் பிரகாரம் என்றால் புருவம் உயர்கிறது. போலிக் கல்யாணங்கள் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை, நடக்கின்றன. ஆனால் போலி செய்கிறவன் பந்தலைப் பெரிதாகவே போடுவான். அடக்கமாக முடிப்பவர்கள் வெட்கத்தில் முடிக்கிறார்கள்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பான்சர் செய்பவரின் வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண்டு இருக்க வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் 18,600. 2025-இன் குறைந்தபட்சக் கூலிக்கு வாரம் 37.5 மணி நேரம் உழைத்தால் 23,800 பவுண்டு அளவில்தான் வரும். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 ஆனது, அதற்கு மேல் மருத்துவக் கூடுதல் கட்டணம் 3,105. விவாகரத்துச் சமயத்தில் ஷிஃப்டுகளைக் குறைத்திருந்த என் தோழி, ஆறு மாத பே ஸ்லிப்பைச் சரிக்கட்ட இரவு வேலையாகப் பார்த்தாள்.

கடைசியில் கோப்பு சேர்ந்தது. மாப்பிள்ளையோடு பேசிய வாட்ஸப் செய்திகளில், இறுதி ஆணைக்கு முந்தைய சிலவற்றை அழித்துவிடலாமா என்று கேட்டாள். சொலிசிட்டர் கூடாது என்றார். பிரிந்த பிறகு ஒருவரோடு பேசுவது குற்றமல்ல, மறைத்தது தெரிந்தால்தான் வினை. கல்யாணப் படங்கள் மாப்பிள்ளையின் தம்பி செல்போனில் எடுத்தவை, பாதி ஆட்டம் கண்டவை. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்திருந்தது பெரிய காப்பு.

பிறகு உறவினர் கடிதம். இரு குடும்பத்துக்கும் தெரிந்து, சம்மதத்தோடு நடந்த கல்யாணம் என்று மூத்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் பலம். பெரியம்மாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கே வராதவர், எதிர்வீட்டுக்குக்கூடச் சொல்லாதவர். மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். எழுதுமுன் திருச்சிக்கு பஸ் ஏறிப் போய், மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டு, படமும் எடுத்துக்கொண்டு வந்தாராம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதத் தனக்குக் கை வராது என்று அதிலேயே எழுதியிருந்தார். "கல்யாணத்துக்கு நான் போகவில்லை, அது என் பிடிவாதம்" என்ற வரியை நீக்கச் சொல்லலாமா என்று தோழி கேட்டாள். சொலிசிட்டர் அதற்குத்தான் அடிக்கோடு போட்டார்.

விசா வந்துவிட்டது, 33 மாதத்துக்கு. அது முடியும்போது நீட்டிக்க வேண்டும். ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு இரண்டு வருஷத்தில் பரவலாக வந்த ஆறு கடிதங்கள், குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து, காட்ட வேண்டும். மாப்பிள்ளை வந்து இறங்கிய வாரமே, கேஸ் பில்லில் யார் பெயர், தண்ணீர் பில்லில் யார் பெயர் என்று இருவரும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்புடன்,
ஈஸ்ட் ஹாமிலிருந்து உங்கள் மடல்காரி