333 அவுலியாக்களின் மண் நகரம்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், சஹாரா பாலைவனத்தின் விளிம்பில் இருக்கிறது டிம்பக்டு. எங்கு திரும்பினாலும் மண் நிறம்தான். இங்குள்ள பெரிய பள்ளிவாசலான ஜிங்கரேபெர், பேரரசர் மன்சா மூஸா ஹஜ் முடித்துத் திரும்பியபின் 14-ம் நூற்றாண்டில் கட்டியது. அதுவும் மண் கட்டடமே! சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளில் ஏறி நின்று, ஊர்க்காரர்கள் கூடிப் புது மண் பூசுவார்கள்.

'333 அவுலியாக்களின் நகரம்' என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. அந்த இறைநேசர்களில் பலர் மார்க்கம் படித்த அறிஞர்கள். அவர்களின் அடக்கத்தலங்களுக்குப் போய் துஆ கேட்பது தலைமுறை தலைமுறையாக ஊரின் வழக்கம்.

2012-ல் 'அன்சார் தீன்' என்ற ஆயுதக் குழு ஊருக்குள் வந்தது. கப்ர் மேல் கட்டடம் எழுப்புவதே தவறு, அங்கே போய் வேண்டுவது இணைவைத்தல் என்றது. 'நாங்கள் கேட்பது அல்லாஹ்விடம்தானே' என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. இரு தரப்பும் ஓதுவது ஒரே குர்ஆன். ஆனால், ஒரு தரப்பின் கையில் துப்பாக்கி இருந்தது. உலகப் பாரம்பரியச் சின்னங்களான 16 அடக்கத்தலங்களில் 14 தரைமட்டமாயின. உலக முடிவு நாளில்தான் திறக்கும் என்று மக்கள் நம்பிய சீதி யஹ்யா பள்ளிவாசலின் கதவையும் உடைத்தார்கள்.

இடிப்பை முன்னின்று நடத்திய அஹ்மத் அல் மஹ்தி அந்தப் பகுதிக்காரர். மார்க்கக் கல்வி கற்றவர். கப்ர் மேல் கட்டடம் கூடாது என்பது அவர் கருத்து. ஆனாலும், மக்களின் மனம் நோகும், இடிக்க வேண்டாம் என்றுதான் முதலில் ஆலோசனை சொன்னார். தலைமை கேட்கவில்லை, அவரும் கடப்பாரைக்காரர்களோடு போனார். 2016-ல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு 9 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பு கேட்ட அவர், இப்படிப்பட்ட செயல்களில் இறங்காதீர்கள் என்று உலக முஸ்லிம்களைக் கேட்டுக்கொண்டார்.

2013 ஜனவரியில் ஊர் மீட்கப்பட்டது. தப்பி ஓடும்போது தீவிரவாதிகள் சுமார் 4,000 சுவடிகளை நாசமாக்கினார்கள். ஆனால், அதற்குள் லட்சக்கணக்கான சுவடிகளை நூலகர் அப்துல் காதர் ஹைதராவும் அவர் கூட்டாளிகளும் இரும்புப் பெட்டிகளில் வைத்துத் தலைநகர் பமாகோவுக்குக் கடத்திவிட்டார்கள். மார்க்கச் சட்டம், வானியல், மருத்துவம் என எத்தனையோ துறைகள் அவற்றில் உண்டு.

யுனெஸ்கோ உதவியோடு, உள்ளூர்க் கொத்தனார்களே பழைய முறைப்படி அந்த 14 அடக்கத்தலங்களையும் எழுப்பினார்கள். 2015-ல் வேலை முடிந்தது. மாலியில் வன்முறை ஓயாததால், சுற்றுலா போக இது நேரமல்ல. அந்தச் சுவர்களுக்கு மண் பூச ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.