கண்டலும் ஓவியமும்

இயற்கையைப் பாடிய இனம் நம் இனம் என்று மேடைதோறும் பெருமிதம் கொள்கிறோம். ஆயினும், நெய்தல் நிலத்துக் கண்டலை மனப்பாடமாக ஒப்புவிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவன், தன் ஊர்க் கழிமுகத்தில் நிற்கும் பாக்காவ் மரமே அது என்பதை அறியான்.

ஜுரு ஆற்றின் கதை மூத்தோர் அறிந்ததே. 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு அவ்வாற்றில் கலந்தது. குவாலா ஜுரு மீனவரின் வாழ்வு நலிந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்தம் துயரை நாடறியச் செய்தது. இம்மாநிலக் கரையோர மீனவர்கள் தம் நலச்சங்கத்தின் வழியே 1997 முதல் கண்டல் நட்டு வருகின்றனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரே அப்பணியின் அருமையைப் பலரும் உணர்ந்தனர்.

அத்தகைய நடவொன்றிற்கு எம் மாணவர் சிலரும் தொண்டர்களாகச் சென்றனர். கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும். முழங்கால் சேற்றில் நின்று பிள்ளைகள் அதனை ஊன்றினர்.

அடுத்த வாரம் ஓவியப் பாடம். இரு மலை, நடுவே ஞாயிறு, ஓரத்தில் ஒரு தென்னை என்றே வரைந்து பழகிய கைகள், இம்முறை வேர்களை வரைந்தன. முட்டுக்கொடுத்தாற்போல் வளைந்திறங்கும் கண்டல் வேர். சேற்றைத் துளைத்து மேலெழும் அலையாத்தியின் மூச்சுவேர். முற்காலத்தில் மீனவர் பருத்தி வலைகளைக் கண்டற்பட்டைச் சாயத்தில் தோய்த்து உறுதிப்படுத்தினர். அதனைக் கேட்டறிந்த பிள்ளைகள், உதிர்ந்து கிடந்த பட்டைகளைக் கொதிக்கவைத்து, அச்செம்பழுப்பு நீரையே வண்ணமாகக் கொண்டனர்.

சில திங்கள் கழித்து மீண்டும் சென்றோம். நட்டவற்றுள் பல, அலையில் பெயர்ந்தும் சிப்பி படர்ந்தும் பட்டுப்போயிருந்தன. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வெறுங்கழிகள் நிற்கும் சேற்றுவெளியையே வரைந்தாள். போட்டிக்கு அனுப்பும் ஓவியம் பசுமையாக இருத்தல் வேண்டும் என்றார் ஓர் ஆசிரியர்.

"நான் நட்டது அங்கே இல்லையே, ஐயா!" என்றாள் அவள்.

ஓவியம் அவ்வாறே சென்றது, பரிசு பெறவில்லை. எனினும், கண்டதைக் கண்டவாறு தீட்டும் துணிவு அச்சிறுமிக்கு வாய்த்துவிட்டது. கலைக்கு அடிப்படை அதுவன்றோ? நட்ட கைக்குத்தான் இழப்பின் அளவு தெரியும். அடுத்த நடவிற்கு முதலில் பெயர் கொடுத்தவளும் அவளே.

ஆசிரிய நண்பர்களே! பிள்ளைகளைக் கழிமுகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். பின்னாளில் அவர்கள் நெய்தல் திணையைக் கற்கும்போது, கண்டல் என்பது ஏட்டுச் சொல்லாக இராது. தம் கையால் ஊன்றிய மரமாகவே இருக்கும்.